பித்தநாளப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல், கணைய அறுவை சிகிச்சை வார்டில் இருபது வருடத்துக்கு மேலாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனதும் நோயாளியின் மகனோ மகளோ மெதுவாக என் மேசைப் பக்கம் வந்து நிற்பார்கள். "சிஸ்டர், டாக்டர் சொன்னது பாதிதான் புரிந்தது" என்று தொடங்குவார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளையும், எங்கள் டாக்டர்கள் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிவிட்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய ஸ்கேனைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

பித்தநாளமும் பித்தப்பையும் ஒன்றா? பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா?

இரண்டும் வேறு. எங்கள் டாக்டர் ஒருவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மரம் வரைந்து காட்டுவார். கிளைகளெல்லாம் கல்லீரலுக்குள் பரவியிருக்கும். வலது பெரிய கிளையும் இடது பெரிய கிளையும் கல்லீரலின் வாசலில் ஒன்று சேர்ந்து அடிமரமாகக் கீழே இறங்கும். அந்த அடிமரம் கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்து சிறுகுடலில் போய்த் திறக்கும். இதுதான் பித்தநாளம். அடிமரத்தின் பக்கவாட்டில் ஒரு காய் தொங்குகிற மாதிரி இருப்பது பித்தப்பை.

கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அவ்வளவும் வருவது சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள, பென்சில் கனத்துக்குக்கூட வராத ஒரு குழாய் வழியாக. அதன் சுவரில் சின்னதாக ஒரு கட்டி வந்தாலே போதும், பாதை அடைபட்டுவிடும். பித்தப்பையை மட்டும் எடுப்பதால் அந்த அடைப்பு திறக்காது.

வலியே இல்லை, வெறும் மஞ்சள் காமாலைதான். இதைப் போய்ப் புற்றுநோய் என்கிறார்களே?

வலி இல்லாத காமாலைதான் எங்களை அதிகம் பயமுறுத்துவது. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நாட்களில் கீழாநெல்லி அரைத்துக் குடித்திருந்தால் அதுதான் குணப்படுத்தியது என்று ஊரே நம்பும். நாளம் அடைபட்டு வரும் காமாலை அப்படி இறங்காது, நாளுக்கு நாள் ஏறும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். மலம் வெளிறி, களிமண் நிறத்துக்கு வந்துவிடும். உடம்பெல்லாம் அரிக்கும், இரவில் தூங்க விடாது.

ஒரு பெரியவர் அட்மிஷனுக்கு வந்தபோது கையில் ஒரு மரச்சீப்பு வைத்திருந்தார். முதுகு சொறியத்தான். சட்டையைக் கழற்றியபோது முதுகு முழுக்கக் கோடு கோடாக ரத்தம் காய்ந்திருந்தது. ஆறு வாரமாகப் பத்தியச் சோறும் பச்சிலையும் எடுத்திருக்கிறார். வீட்டில் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தவறு அவர்கள் மேல் இல்லை. ஆனால் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்: ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, வலியில்லாமல், அரிப்போடும் வெளிறிய மலத்தோடும் காமாலை வந்தால் அந்த வாரமே ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதை அந்தச் சின்ன ஸ்கேனே காட்டிவிடும்.

அப்பா குடித்ததே இல்லை. அவருக்கு ஏன் வந்தது?

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சொல்ல முடிவதில்லை. பிறவியிலேயே பித்தநாளம் பை போல வீங்கியிருப்பது, கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்களில் கல் சேர்வது, நாளங்கள் அழற்சியால் சுருங்கிப்போகும் ஒரு நாள்பட்ட நோய், ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாய்லாந்தின் வடகிழக்கில் சரியாக வேகாத ஆற்றுமீன் மூலம் வரும் ஒரு தட்டைப்புழுவால் இந்த நோய் ஏராளமானவர்களுக்கு வருகிறது. ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் இளவயதுத் தொழிலாளர்கள் பலருக்கு இது வந்ததற்கு, மை துடைக்கப் பயன்படுத்திய ஒரு கரைப்பான் காரணம் என்று தெரியவந்தது. உங்கள் அப்பா ஏதோ தப்புச் செய்துவிட்டதால் வந்ததல்ல. அதை அவரிடமும் சொல்லுங்கள்.

கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே எல்லாரும் கேட்கிறார்களே, அது ஏன்?

எந்த ஆபரேஷன் என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது. அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தால் கணையத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். இரண்டு கிளைகள் சேரும் கல்லீரல் வாசலில் இருந்தால் கல்லீரலின் ஒரு பக்கத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருவது இந்த இடத்தில்தான். யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு கிளாட்ஸ்கின் 1965இல் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி எழுதியதால் இதைக் கிளாட்ஸ்கின் கட்டி என்றும் சொல்வார்கள், ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூன்றாவது வகை, கல்லீரலுக்குள்ளேயே சின்னக் கிளைகளில் வருவது. அதில் காமாலை தாமதமாகத்தான் வரும், வராமலும் போகலாம்.

மஞ்சள் இறங்க முதலில் ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். உடனே வைத்துவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்டென்ட் என்பது அடைப்பைத் தாண்டிப் பித்தம் வடிய நாளத்துக்குள் வைக்கும் சின்னக் குழாய். அதை வைப்பதற்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். கட்டி மேலே வாசலில் இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் நாளங்களைக் காட்டும் எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேனும் வேண்டும். அந்தப் படங்களை ஆபரேஷன் செய்யக்கூடிய ஒரு கல்லீரல் சர்ஜன் பார்த்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஸ்டென்ட்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்டென்ட் உள்ளே போனதும் வீங்கியிருந்த நாளங்கள் சுருங்கிவிடும். ஸ்டென்டைச் சுற்றி சுவர் தடித்துச் சிவந்துவிடும். எது கட்டி, எது வீக்கம் என்று பிறகு எடுக்கும் படத்தில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். குடலில் இருக்கும் கிருமிகள் ஸ்டென்ட் வழியாக மேலே ஏறிக் காய்ச்சல் வரலாம். வாசலில் இருக்கும் கட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆபரேஷனில் எந்தப் பக்கக் கல்லீரலை எடுத்து எந்தப் பக்கத்தை விடப் போகிறோம் என்று தெரிந்தால்தான், மிச்சமாக இருக்கப்போகும் பக்கத்தின் பித்தத்தை வடிக்க முடியும். தெரியாமல் எடுக்கப்போகும் பக்கத்தில் குழாயை வைத்துவிட்டால், பிழைக்க வேண்டிய பக்கம் மஞ்சளிலேயே ஊறிக்கொண்டிருக்கும். வேறு ஊரில் அவசரமாக ஸ்டென்ட் வைத்து, பழைய படம் ஒன்றுகூட இல்லாமல் எங்களிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியான படம் எடுக்கவே நான்கைந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கீழ்ப்பகுதிக் கட்டிக்கு எல்லாருக்கும் ஸ்டென்ட் தேவைப்படுவதே இல்லை. பக்கத்திலேயே வரும் கணையத் தலைப் புற்றுநோயில் நெதர்லாந்தில் 202 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2010இல் வெளிவந்தது. முதலில் ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களில் 39 சதவீதம். அதனால் பிலிருபின் (ரத்தத்தில் இருக்கும் மஞ்சளின் அளவு) மிக அதிகமாக ஏறாமல், காய்ச்சல் இல்லாமல், ஆபரேஷன் தேதியும் பக்கத்திலேயே கிடைத்தால் பல சர்ஜன்கள் ஸ்டென்ட் இல்லாமலே போவார்கள்.

ஒரு விதிவிலக்கு: குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. அடைபட்ட பித்தத்தில் கிருமி பெருகினால் ஒரே இரவில் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அப்போது பித்தத்தை வடிப்பதுதான் உயிர் காப்பது.

சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வரவில்லை. அப்படியிருந்தும் ஆபரேஷனா?

இந்தக் கேள்வியில் இருக்கும் தயக்கம் நியாயமானது. பித்தநாளக் கட்டி நாரும் தழும்பும் மாதிரி கெட்டியானது, அதில் புற்று செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து எடுக்கும் சோதனையில் சுமார் பாதிப்பேருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகும். அதனால் "இல்லை" என்று ரிப்போர்ட் வந்தாலும், படத்தில் தெளிவாகத் தெரிந்தால் ஆபரேஷன் செய்வது வழக்கம்தான். சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையையும் தனியாக நம்ப முடியாது. வெறும் அடைப்பினாலேயே அது கூடும், சிலருடைய உடம்பில் அது சுரப்பதே இல்லை.

சர்ஜன்கள் கவனமாக விலக்கிப் பார்க்கும் ஒரு நோய் உண்டு. ஐஜிஜி4 சம்பந்தப்பட்ட அழற்சி அச்சு அசலாகப் புற்றுநோய் மாதிரியே படத்தில் தெரியும், ஸ்டீராய்டு மாத்திரையில் சரியாகிவிடும். ஐஜிஜி4 ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். வெளியிலிருந்து வயிற்றின் வழியாக ஊசி குத்திக் கட்டியில் சதை எடுக்கச் சொன்னால், முதலில் சர்ஜனைக் கேளுங்கள். ஊசிப் பாதையில் செல்கள் பரவ வாய்ப்புண்டு.

கீழ்ப்பகுதிக் கட்டிக்கு விப்பிள் ஆபரேஷன் என்றார்கள். குழாயில் இருக்கும் கட்டிக்கு கணையத்தை ஏன் எடுக்கிறார்கள்?

பித்தநாளத்தின் கடைசிப் பகுதி கணையத் தலைக்குள்ளே ஓடுகிறது. கணையத் தலைக்கும் அதை அணைத்துச் செல்லும் முன்சிறுகுடலுக்கும் ஒரே ரத்தக்குழாய்கள்தான். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது. அதனால் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பாதி, சுற்றியிருக்கும் நிணநீர்க் கணுக்கள், சில சமயம் இரைப்பையின் ஒரு துண்டு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு மூன்று இணைப்புகள் போடுவார்கள்: குடலோடு மீதிக் கணையம், குடலோடு பித்தநாளம், குடலோடு இரைப்பை. நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935இல் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் ஜெர்மனியில் வால்டர் கௌஷ் 1909இலேயே இப்படி ஒரு ஆபரேஷன் செய்திருக்கிறார்.

மூன்று இணைப்புகளில் எங்களுக்குக் கவலை கொடுப்பது கணைய இணைப்புதான். கணைய நீர் சதையையே செரிக்கக்கூடியது. மென்மையான கணையமாக இருந்தால் தையல் வெண்ணெயில் போட்ட மாதிரிதான் நிற்கும். கசிவு வந்தால் பெரும்பாலும், வயிற்றிலிருந்து நீரை வெளியே வடிக்கும் டிரெயின் குழாயை விட்டு வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தே சரிசெய்துவிடலாம்.

வாசலில் இருக்கும் கட்டிக்கு என்ன செய்வார்கள்?

என் அனுபவத்தில் இதுதான் மிகக் கடினமான ஆபரேஷன். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்கூட ஆகும். வெளியே இருக்கும் பித்தநாளம் முழுவதும், பித்தப்பை, நிணநீர்க் கணுக்கள், கட்டி எந்தப் பக்கம் அதிகம் ஏறியிருக்கிறதோ அந்தப் பக்கக் கல்லீரல், அதோடு பின்னால் ஒளிந்திருக்கும் காடேட் என்ற சின்ன மடல், எல்லாம் போகும். காடேட் மடலின் குட்டி நாளங்கள் கட்டி இருக்கும் சந்தியிலேயே வந்து சேர்வதால் அதை விட்டுவைத்தால் நோய் திரும்ப வரும். பழைய காலத்தில் நாளத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள், பலருக்கு அதே இடத்தில் திரும்ப வந்தது. கல்லீரலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று ஜப்பானில், முக்கியமாக நகோயா சர்ஜன்கள், விடாமல் செய்து காட்டினார்கள்.

பெரும்பாலும் வலது பக்கத்தை எடுப்பதையே சர்ஜன்கள் விரும்புவார்கள். இடது நாளம் நீளமானது, வெட்டித் தைக்க இடம் கிடைக்கும். வலது கல்லீரலுக்குப் போகும் தமனி பித்தநாளத்தின் பின்னால் ஒட்டியே போவதால் கட்டி அதைச் சீக்கிரம் பிடித்துவிடும். எடுத்த பிறகு சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து மிச்சமிருக்கும் நாளங்களில் தைப்பார்கள். நாள முனைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மயிரிழை நூலால் ஒவ்வொன்றாகத் தைப்பதை ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் பேச மாட்டார்கள்.

வெட்டிய முனையை அப்போதே பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அரை மணி நேரத்தில் போனில் பதில் வரும். முனையில் புற்று செல் இருந்தால், முடிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். வெட்டிய ஓரத்தில் புற்று செல் இல்லாமல் கட்டி முழுதாக வெளியே வருவதுதான் இந்த நோயில் குணத்துக்கான வழி.

பாதிக்கு மேல் கல்லீரலை எடுத்துவிட்டால் மனுஷர் எப்படிப் பிழைப்பார்?

கல்லீரல் வளரும். நல்ல கல்லீரலாக இருந்தால் நான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலும் தாங்கிவிடும். மஞ்சளில் ஊறிய கல்லீரலுக்கு அது போதாது, 40 சதவீதம் வரை வேண்டும் என்பார்கள். சிடி ஸ்கேனை வைத்து மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார்கள்.

குறைவாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அதை வளர்க்க ஒரு வழி உண்டு. எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் சிரையை, ஊசி வழியாக உள்ளே போய் அடைத்துவிடுவார்கள். குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் மறுபக்கம் திரும்ப, அது மூன்று முதல் ஆறு வாரத்தில் பெருத்துவிடும். திரும்ப ஸ்கேன் எடுத்து அளந்துவிட்டுத்தான் தேதி கொடுப்பார்கள். "ஏன் இப்படி இழுத்தடிக்கிறார்கள்" என்று இந்த வாரங்களில்தான் குடும்பத்தில் சண்டை வரும். இழுத்தடிப்பது இல்லை, கல்லீரல் வளரக் காத்திருக்கிறார்கள்.

கல்லீரலுக்குள்ளேயே இருந்தால்?

கட்டி இருக்கும் பகுதியை மட்டும், சில சமயம் ஒரு பாதியை, கணுக்களோடு எடுப்பார்கள். வெளி நாளத்தைப் பல சமயம் தொட வேண்டியிருக்காது.

வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. இந்த நோய் வயிற்றின் உள்தோலில் அரிசி அரிசியாகப் பரவியிருந்தால் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். அதனால்தான் சில டாக்டர்கள் முதலில் சின்னத் துளை போட்டு கேமராவில் பார்க்கிறார்கள். தூரத்துக் கணுக்களுக்கோ கல்லீரலின் இரண்டு பக்கங்களுக்குமோ பரவியிருந்தால், எடுத்தும் பயனில்லை, பெரிய காயம் மட்டும்தான் மிஞ்சும். கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களிடம் ஒன்றரை மணி நேரத்திலேயே டாக்டர் வந்து நிற்கும் காட்சி எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் மூடிவிட்டு வர எடுத்த அந்த முடிவு நோயாளியின் மிச்ச நாட்களைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்ய முடியாதா?

சிலருக்கு முடியும். வாசலில் இருக்கும் கட்டி, 3 சென்டிமீட்டருக்குள், வெளியே எங்கும் பரவாமல், ஆனால் வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் யோசிப்பார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1993இல் இதற்கென ஒரு முறையைத் தொடங்கினார்கள்: முதலில் கதிர்வீச்சும் கீமோவும், பிறகு பரவவில்லை என்று வயிற்றுக்குள் பார்த்து உறுதி செய்து, அதன் பின் மாற்றுக் கல்லீரல். அந்த நாட்டின் 12 மருத்துவமனைகளின் கணக்கு 2012இல் வெளிவந்தது. மாற்று நடந்தவர்களில் 65 சதவீதம் பேர் 5 வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மிகவும் வடிகட்டித் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். வயிற்றின் வழியாக ஊசி குத்திக் கட்டியில் சதை எடுத்திருந்தால் இந்த முறையில் சேர்க்க மாட்டார்கள். முன்னால் ஊசி பற்றிச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேப்பராஸ்கோப்பியிலோ ரோபோவிலோ செய்யலாமா?

கல்லீரலுக்குள் இருக்கும் கட்டிக்கும் விப்பிளுக்கும் பழகிய கைகளில் செய்கிறார்கள். வாசல் கட்டிக்குத் திறந்து செய்வதே இன்றும் வழக்கம். தழும்பு சின்னதாக இருக்குமா என்பதைவிட, வருடத்துக்கு எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று சர்ஜனிடம் கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரையும் இருக்கிறது. தாங்குவாரா?

வயதை மட்டும் வைத்து யாரும் மறுப்பதில்லை. மாடிப்படி ஏறுகிறாரா, தன் வேலையைத் தானே செய்கிறாரா, சாப்பிடுகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். காத்திருக்கும் வாரங்களில் தினமும் நடக்கச் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, மீன் கொடுங்கள். மஞ்சளுக்குப் பத்தியம் என்று உப்பில்லாக் கஞ்சியில் வைத்துச் சதையைக் கரைத்துவிடாதீர்கள். ஊதல் பந்துக் கருவியில் மூச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். பித்தம் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையத் தாமதமாகும். அதற்காக ஊசி போடுவோம்.

உயிருக்கு ஆபத்து எவ்வளவு?

மறைக்காமல் சொல்கிறேன். நிறையச் செய்யும் மருத்துவமனைகளில் விப்பிளில் இறப்பு 5 சதவீதத்துக்குக் கீழே. வாசல் கட்டிக்கான பெரிய ஆபரேஷனில் பல நாடுகளின் கணக்கில் 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கிறது. மிச்சக் கல்லீரல் வேலை செய்யாமல் போவது, பித்தக் கசிவு, கிருமித் தொற்று, ரத்தக்கசிவு ஆகியவைதான் காரணங்கள். இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும் கை நடுங்குவது இயல்பு. எடுக்காமல் விட்டால் இந்த நோய் குணமாவதில்லை என்பதையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வார்டில் என்ன நடக்கும்?

இரண்டு மூன்று நாள் ஐசியூ. மூக்கில், வயிற்றில், சிறுநீர்ப் பாதையில் குழாய்கள் இருக்கும், பார்த்துப் பயப்படாதீர்கள். வயிற்று டிரெயின் பையை நாங்கள் தினமும் அளந்து எழுதுவோம். முதலில் ரத்தம் கலந்த நீர், பிறகு வெளிர் மஞ்சளாகத் தெளியும். அதில் தங்க மஞ்சளோ பச்சையோ தெரிந்தால் பித்தம் கசிகிறது என்று டாக்டருக்குப் போன் போகும். சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே வெளியே பை வைத்து பித்தம் வடியவிட்டிருப்போம். நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் உப்பும் நீரும் அதில் போவதால் தலைசுற்றும். குடிக்கும் நீரைக் கூட்டி, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்போம். சில மருத்துவமனைகளில் வடிந்த பித்தத்தையே மூக்குக் குழாய் வழியாகத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு.

இரண்டாம் நாளே எழுப்பி உட்கார வைப்போம். "இரக்கமே இல்லையா சிஸ்டர்" என்று திட்டுவார்கள். நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேறு வழியில்லை. எல்லாம் சரியாகப் போனால் இரண்டு வாரம் அளவில் வீடு.

வீட்டில் என்ன கொடுக்கலாம்?

ஒரே தட்டுச் சோறாக வேண்டாம், ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம். இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, தயிர், முட்டை, மீன். விப்பிள் முடிந்தவருக்கு மலம் எண்ணெய் மிதந்து, நாற்றத்தோடு, கழுவினால் போகாமல் இருந்தால் செரிமான என்சைம் போதவில்லை என்று அர்த்தம். அதற்குக் கேப்சூல் உண்டு, சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், முடித்த பிறகு அல்ல. சர்க்கரையையும் அவ்வப்போது பாருங்கள்.

முழுதாக எடுத்தாயிற்று என்றார்கள். பிறகு ஏன் கீமோ?

கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கக்கூடும் என்பதால். பிரிட்டனில் 447 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் கேப்சிடபின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் 51 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், கொடுக்கப்படாதவர்களில் பாதிப்பேர் 36 மாதத்துக்கு மேல். புள்ளிவிவரக் கணக்கில் இந்த வித்தியாசம் முழுதாக உறுதியாகாவிட்டாலும் பல நாடுகளில் இதுவே வழக்கமாகிவிட்டது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். வெந்நீரில் பாத்திரம் கழுவ விடாதீர்கள், கிரீம் தடவுங்கள், கொப்புளம் வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் போன் செய்யுங்கள்.

திரும்ப வருமா?

பலருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள். முழுதாக எடுக்க முடிந்தவர்களில் 5 வருடம் தாண்டுவோர் சுமார் 20 முதல் 40 சதவீதம். கணுக்களில் நோய் இல்லை, வெட்டிய ஓரமும் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தவர்கள் இதில் மேல்பக்கம் இருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஆபரேஷன் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில், சொன்னது யார் என்று பாருங்கள். கல்லீரல் ஆபரேஷன் தினமும் செய்யும் ஒரு சர்ஜன் படங்களைப் பார்த்துச் சொன்னாரா? இல்லையென்றால் ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டில் வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் காட்டுங்கள். அங்கேயும் அதையே சொன்னால் நம்புங்கள், ஊர் ஊராக அலைய வேண்டாம்.

அப்போதும் செய்ய நிறைய இருக்கிறது. உலோக ஸ்டென்ட் வைத்தால் மஞ்சளும் அரிப்பும் இறங்கும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாத அளவில் அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் இரண்டும் சேர்ந்த கீமோ 2010 முதல் வழக்கத்தில் இருக்கிறது. துர்வலுமாப் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தையும் இப்போது அதோடு சேர்க்கிறார்கள். கல்லீரலுக்குள் வரும் வகையில் சிலருக்கு மரபணுப் பரிசோதனையில் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஹெச்1 மாற்றங்கள் தெரிந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. கட்டி சுருங்கி மறுபடி ஆபரேஷனுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள், குறைவுதான். வலிக்கு மார்ஃபின் கொடுப்பதற்குப் பயப்படாதீர்கள்.

செலவு?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தனித்துறை உண்டு. புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது. அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கார்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்ல வேண்டாம், சரியா?

எல்லா வீட்டிலும் கேட்பது இது. அன்பில்தான் கேட்கிறீர்கள். ஆனால் பத்து மணி நேர ஆபரேஷனுக்குப் போகிறவர் "கல் எடுக்கிறோம்" என்று நம்பிக்கொண்டு போகக் கூடாது. ஒரு அம்மா, மகன் வெளியே போனதும் என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும் பாப்பா, அவனுக்குத் தெரியாத மாதிரி நடந்துக்கோ" என்றார். இருவரும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். டாக்டரை உட்கார வைத்து, எல்லாரும் சேர்ந்து, அவர் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு எதைக் கண்டால் உடனே வர வேண்டும்?

உடம்பு உதறிக் காய்ச்சல், கண்ணில் மறுபடி மஞ்சள், கறுப்பாக மலம், ரத்த வாந்தி, வயிறு உப்பி வாந்தி நிற்காமல் இருப்பது, டிரெயின் குழாய் வெளியே வந்துவிடுவது. இதில் எதற்கும் காலை வரை காத்திருக்காதீர்கள், முக்கியமாகக் குளிர்நடுக்கக் காய்ச்சலுக்கு. பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். நள்ளிரவு இரண்டு மணியானாலும் 108ஐக் கூப்பிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.